மீன்கண்ணும் அம்மாவின் முகமும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

ஒரு லென்ஸைத் தேர்ந்தெடுத்ததைப் பற்றி ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் சிரிக்கக்கூடும். சென்ற ஆடி மாதம் வரை நானும் அப்படித்தான் சிரித்திருப்பேன்.

கல்லூரி இல்லாத நாள்களில் திருச்சியில் ஒரு ஸ்டூடியோவில் உதவியாளனாக இருக்கிறேன். கல்யாண மண்டபங்களில் லைட் பிடிப்பதும், பாட்டரிக்குச் சார்ஜ் போடுவதும், உறவினர்களை மேடையில் வரிசைப்படுத்துவதும் என் வேலை. ஆடியில் முகூர்த்தம் ஏது? ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். அப்போது பழைய லென்ஸ்கள் இரண்டு விலைக்கு வந்தன. ஒன்று 10 மில்லிமீட்டர் ‘அல்ட்ரா வைடு’. மற்றொன்று ‘ஃபிஷ் ஐ’ என்னும் மீன்கண் லென்ஸ். சின்ன மண்டபத்தில் சுவரோடு ஒட்டி நின்றாலும் கூட்டம் முழுவதும் படத்தில் விழவேண்டும் என்பது எங்கள் முதலாளியின் நெடுநாள் ஆசை.

“தம்பி, ரெண்டுல ஒண்ணுக்குத்தான் காசு இருக்கு. நீதான் பிசிக்ஸ் படிக்கிறியே, ஞாயித்துக்கிழமை எடுத்துட்டுப் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு” என்று இரண்டையும் என் கையில் கொடுத்துவிட்டார். செமஸ்டர் தேர்வில்கூட எனக்கு அப்படி வியர்த்ததில்லை!

எனக்கு இதில் சொந்தக் காரியம் ஒன்றும் இருந்தது. எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில். அம்மா விடியுமுன் சாத்தார வீதிப் பூச்சந்தையில் பூ எடுத்து வந்து, ராஜகோபுரத்துக்குத் தெற்கே சாலையோரம் அமர்ந்து, கட்டி விற்பவள். நான் கல்லூரியில் சேர்ந்த அன்று, முதல் பட்டதாரிச் சான்றிதழை முந்தானையில் மூடி எடுத்துக்கொண்டு என்னுடன் வந்தாள். புது நண்பர்களும் அவர்களுடைய பெற்றோர்களுமாக வாசலில் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டோம். ‘0.5’ என்ற பொத்தானை அழுத்தினால் எல்லாரும் அடங்கிவிடுவார்களே, அந்தப் படம். “நான் இப்படி ஓரமா நின்னுக்கறேன்” என்று அம்மா கடைசியில் போய் நின்றாள். படத்தில் அவள் முகம் மட்டும் பக்கவாட்டில் இழுபட்டு, கன்னம் வீங்கினாற்போல் விழுந்திருந்தது. பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு” என்றாள். அதன் பிறகு யார் காமிராவைத் தூக்கினாலும் எழுந்து போய்விடுவாள்.

அந்த முகம் ஏன் அப்படிக் கெட்டது? ஒளியியல் நோட்டைப் புரட்டியபோதுதான் விளங்கியது.

அல்ட்ரா வைடு லென்ஸ் நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டவேண்டும் என்று உறுதி பூண்டது. மைய அச்சிலிருந்து ஒரு பொருள் எந்தக் கோணத்தில் இருக்கிறதோ, அந்தக் கோணத்தின் ‘டான்’ மதிப்பைக் குவியத் தூரத்தால் பெருக்கினால், படத்தில் அது மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி விழும் என்பது கிடைக்கும். ‘டான்’ மதிப்போ ஓரத்துக்குப் போகப்போக விறுவிறுவென்று ஏறும். 45 பாகையில் நிற்கிறவரின் முகம், உயரத்தில் நீள்வதைக் காட்டிலும் அகலத்தில் 1.4 மடங்கு அதிகமாக இழுபடும். 90 பாகைக்கு ‘டான்’ முடிவிலி. ஆகவே இந்த லென்ஸ் எந்நாளும் 180 பாகையைக் காட்ட முடியாது.

மீன்கண் லென்ஸுக்கு அந்த உறுதி கிடையாது. அதன் பொதுவான வகையில், கோணம் எவ்வளவு கூடுகிறதோ அதே விகிதத்தில்தான் மையத்திலிருந்து தூரமும் கூடும். 180 பாகையும் அடங்கிவிடும். ஓரத்து முகமும் அவ்வளவாகக் கெடாது. அதே 45 பாகையில் 1.1 மடங்குதான் வேறுபாடு. ஆனால் மையத்தின் வழியே செல்லாத நேர்கோடு எதுவானாலும் வில்லாக வளைந்துவிடும்.

சுருங்கச் சொன்னால், ஒன்று கோட்டைக் காப்பாற்றி முகத்தைக் கெடுக்கும். மற்றொன்று முகத்தைக் காப்பாற்றிக் கோட்டை வளைக்கும். உருண்டையான பூமியைத் தட்டையான காகிதத்தில் வரைகிறவர்களுக்கு உள்ள அதே சங்கடம்தான் இதுவும். இரண்டையும் காக்கும் லென்ஸ் எந்தக் கடையிலும் இல்லை.

மீன்கண் என்ற பெயரின் கதையும் சுவையானது. அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் உட், நீருக்கடியில் இருக்கும் மீனுக்கு உலகம் எப்படித் தெரியும் என்று அறிய விரும்பி, தண்ணீர் நிரப்பிய ஊசித்துளைக் காமிராவால் படம் எடுத்து 1906-ல் வெளியிட்டார். தண்ணீரின் மாறுநிலைக் கோணம் சுமார் 48.6 பாகை. ஆகவே காவிரியில் ஒரு கெண்டை அண்ணாந்து பார்த்தால், வானம் முழுவதும் 97 பாகை அளவுள்ள ஒரு வட்டச் சாளரத்துக்குள் சுருங்கித் தெரியும். 1924-ல் கேம்பிரிட்ஜின் ராபின் ஹில், மேகங்களைப் படமெடுக்க இத்தகைய லென்ஸ் ஒன்றை அமைத்தார். தாவரவியல் நண்பர்கள் ஒளிச்சேர்க்கைப் பாடத்தில் படிக்கும் ‘ஹில் வினை’க்குப் பெயர் தந்தவரும் அவரே! 1962-ல் நிக்கான் நிறுவனம் 35 மி.மீ. காமிராவில் பொருத்தக்கூடிய 8 மி.மீ. மீன்கண் லென்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வானம் பார்க்கப் பிறந்த லென்ஸ் இப்படித்தான் நம் கல்யாண மண்டபம் வரை வந்து சேர்ந்தது.

ஞாயிறு விடியலில், முதலில் காவிரிப் பாலத்துக்குப் போய் மீன்கண்ணைப் பொருத்தினேன். ஆடிக் காற்றில் ஓடும் மேகம் முழுவதும், ஆறு முழுவதும், ஒரே படத்தில்! மலைக்கோட்டை ஒரு கூழாங்கல் அளவுக்குச் சிறுத்துப் போனது. ஆனாலும் அதன் அழகு குறையவில்லை. பாறைக்கு ஏது நேர்கோடு? பாலத்தின் கைப்பிடிச் சுவர்தான் வில்லாக வளைந்து நின்றது.

சத்திரத்திலிருந்து வந்த 1-ம் நம்பர் பஸ்ஸைப் பிடித்து ஸ்ரீரங்கம் வந்தேன். இங்கேதான் மீன்கண் தோற்றது. மதிலுக்குள் மதிலாக ஏழு சுற்றுகளும் நேர்கோட்டில் எழும்பிய ஊர் இது. படத்தின் நடுவில் வைத்தபோது ராஜகோபுரம் ஒருவாறு நிமிர்ந்து நின்றது. சற்றே ஓரத்துக்குக் கொண்டுபோனேன். காற்றில் சாய்ந்த தென்னைபோல் வளைந்தது. எனக்கு மனம் ஒப்பவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. பல நூற்றாண்டுகள் அடித்தளத்தோடு ‘மொட்டைக் கோபுர’மாக நின்றிருந்த அது, 13 நிலைகளும் 236 அடி உயரமுமாக எழுந்து, 1987 மார்ச் 25-ல் குடமுழுக்குக் கண்டது. அந்தத் திருப்பணியில் சாரத்தில் ஏறிக் கூலி வேலை செய்தவர்களில் என் தாத்தாவும் ஒருவர். கைப்பிள்ளையாக இருந்த அம்மாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பாட்டி கஞ்சி கொண்டுபோவாளாம். இன்று அம்மா பிழைப்பதும் அதே கோபுரத்தின் எதிரில்தான். ஆனால் அம்மாவும் கோபுரமும் சேர்ந்த படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை.

அல்ட்ரா வைடைப் பொருத்தினேன். முதல் படத்திலேயே தவறு செய்தேன். காமிராவை மேல்நோக்கி அண்ணாத்தியதால் கோபுரம் பின்பக்கமாகச் சாய்ந்து விழுவதுபோல் வந்தது. காமிரா மட்டமாக இருந்தால்தான் செங்குத்துக் கோடு செங்குத்தாக நிற்கும். அப்படியானால் எவ்வளவு தூரத்தில் நிற்பது? பூக்கூடையின் ஓரத்தில் கிடந்த தாளில் கணக்குப் போட்டேன். எங்கள் காமிராவின் சென்சார் 23.5 மி.மீ. நீளம். காமிராவை நெட்டாகத் திருப்பினால் மேல்பாதி 11.75 மி.மீ. காமிராவுக்கு மேலே உள்ள கோபுரம் 232 அடி. சாதாரணமாகக் காமிராவுடன் வரும் 18 மி.மீ. லென்ஸ் என்றால் 355 அடி பின்னால் போகவேண்டும். இடையில் பஸ்ஸும் மின்கம்பியும் கடைப் பலகையும் மறைக்கும். 10 மி.மீ. லென்ஸுக்கு 200 அடி போதும். எண்ணி நடந்தேன், எண்பது எட்டு. வந்து நின்ற இடம் அம்மாவின் பூக்கூடைக்கு எதிரில்!

கலசம் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் நின்றது. ஆனால் படத்தின் கீழ்ப்பாதி முழுவதும் வெறும் தார்ச்சாலை. ஒரு கணம் ஏமாற்றமாக இருந்தது. அப்புறந்தான் உறைத்தது, அந்த வெற்றிடம் யாருக்காக என்று.

“அம்மா, கூடையோட கொஞ்சம் நடுவுல வந்து உக்காரும்மா.”

“நான் எதுக்குடா? கோபுரத்தை எடு. நான் இப்படி ஓரமா இருக்கேன்.”

“ஓரத்துல உக்காந்தாத்தான் முகம் கெட்டுப்போகும். நடுவுல வா. இது என் பாடத்துல இருக்கு.”

பாடம் என்றதும் அம்மா எழுந்து வந்தாள். படிப்பைச் சொல்லி நான் எதைக் கேட்டும் அவள் இதுவரை மறுத்ததில்லை. என்னிடமிருந்து ஐந்தடி தள்ளி அமர்ந்து, எடுத்த சரத்தை முடிக்கலானாள். எடுத்தேன்.

படத்தைக் காட்டியபோது நெடுநேரம் பார்த்தாள். முகம் முகமாகவே இருந்தது. கிட்டத்தில் இருப்பதைப் பெரிதாகவும் எட்டத்தில் இருப்பதைச் சிறிதாகவும் காட்டும் லென்ஸ் ஆகையால், அம்மா கோபுரத்தில் பாதி உயரத்துக்கு அமர்ந்திருந்தாள்.

“கோபுரத்தை ஏண்டா இத்தனை சின்னதாக்கிட்ட? பெருமாள் கோவிச்சுக்க மாட்டாரா?” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “பிரிண்ட் போட எவ்வளவு ஆகும்?” என்று கேட்டாள்.

மறுவாரம் முதலாளியிடம் என் தீர்ப்பைச் சொன்னேன். “வானமும் பாறையும் எடுப்பதென்றால் மீன்கண். கட்டடமும் மண்டபமும் எடுப்பதென்றால் அல்ட்ரா வைடு. ஆனால் அதில் ஓரத்தில் யாரை நிறுத்துகிறோம் என்று பார்த்து நிறுத்தவேண்டும், அண்ணே.” அவர் அல்ட்ரா வைடையே வாங்கினார்.

ஆவணி பிறந்ததும் முகூர்த்தங்கள் தொடங்கின. மேடையில் உறவினர்களை வரிசைப்படுத்துவது இன்றும் என் வேலைதான். ஓரமாக ஒதுங்கி நிற்கும் பாட்டிகளையும் அத்தைகளையும் கையைப் பிடித்து நடுவுக்கு அழைத்து வருகிறேன். “எதுக்குத் தம்பி?” என்று கேட்பவர்களிடம், “லென்ஸ் அப்படி, பாட்டி” என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.