தொண்டையைப் பாருங்கள்

சாலாக் செலாத்தானில் எல்ஆர்டி ஏறி, மஸ்ஜிட் ஜாமெக்கில் கிளானா ஜெயா தடத்துக்கு மாறி, வங்சா மாஜுவில் இறங்கினோம். மிச்சத் தூரத்துக்கு கிரேப் கார். 1963 நவம்பரில் துங்கு அப்துல் ரஹ்மான் திறந்துவைத்த ஜூ நெகாரா விலங்ககத்துக்கு, என் தலைமுறைத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பலரும் பள்ளிச் சுற்றுலாவில் வந்திருப்பார்கள். இம்முறை கூட வந்தவள் அண்ணன் மகள்.

ஒட்டகச்சிவிங்கியின் முன்னால் கூட்டம் நிற்பதில்லை. உயரத்தை வியந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். நாங்கள் நின்றோம்.

"சித்தப்பா, கழுத்துக்குள்ள எலி ஓடுது!"

உண்மையிலேயே ஓடியது, அதுவும் கீழிருந்து மேலே. இலையை விழுங்கிய விலங்கு அதை அசைபோட வாய்க்குத் திரும்ப வரவழைக்கிறது. ஏறக்குறைய இரண்டு மீட்டர் கழுத்தில் அந்தக் கவளம் புடைத்துக்கொண்டு ஏறுவது தோலுக்கு வெளியிலேயே தெரிகிறது. மென்று விழுங்கிச் சற்றுப் பொறுத்தால் அடுத்தது ஏறும். மாடும் இதைத்தான் செய்கிறது; அங்கே நமக்கு இவ்வளவு நன்றாகத் தெரிவதில்லை.

அத்தனை நீளத்துக்கும் கழுத்தெலும்புகள் ஏழுதான், நமக்கு இருப்பது போலவே. ஆனால் ஒவ்வொன்றும் கால் மீட்டர் வரும். அவள் தன் பிடரியைத் தடவி எண்ணிப் பார்த்தாள். மூன்றுக்கு மேல் அகப்படவில்லை.

எனக்கு வியப்பு அந்த உயரத்துக்கு இரத்தம் ஏறுவதில்தான். வலிமையான இதயம், நம்மைப்போல இரு மடங்கு இரத்த அழுத்தம். மனிதனுக்கு அப்படி இருந்தால் டாக்டர் வீட்டுக்கே அனுப்பமாட்டார். தண்ணீர் குடிக்க முன்னங்கால்களை அகட்டித் தலையைத் தாழ்த்தும்போது, கழுத்துச் சிரைகளில் உள்ள தடுப்பிதழ்கள் இரத்தம் தலைக்குத் திரும்பிப் பாயாமல் தடுக்கின்றன. கால்களில் நீர் கோத்து வீங்காதபடி தடித்த தோல் இறுக்கிப் பிடித்திருக்கிறது.

ஆணா, பெண்ணா? கொம்பு நுனியைப் பார்த்தால் போதும். வளர்ந்த ஆண்கள் கழுத்தை வீசித் தலையால் மோதிக்கொள்வதால் அவற்றின் கொம்பு நுனி வழுக்கை. பெண்ணுக்கு முடிக்கற்றை இருக்கும். பெண்ணின் சிறுநீரைச் சுவைத்துப் பார்த்தே ஆண் அதன் பருவம் அறியும் என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

"இது கத்தாதா?"

பகலில் பெரும்பாலும் மௌனம். மூன்று ஐரோப்பிய விலங்ககங்களில், இரவில் அவை தாழ்ந்த குரலில் முனகுவதை வியன்னா ஆய்வாளர்கள் பதிவு செய்து 2015இல் வெளியிட்டார்கள். இங்கே இரவில் நம்மை யார் உள்ளே விடுவார்கள்!

வெளியே வரும்போது பழங்கதை ஒன்று சொன்னேன். 1414இல் வங்காள சுல்தான் அனுப்பிய ஒட்டகச்சிவிங்கி சீனப் பேரரசர் யோங்லெவிடம் போய்ச் சேர்ந்தது. அங்கே அதை மங்கல விலங்கான கிலின் என்றே கொண்டாடினார்கள். வங்காளத்திலிருந்து சீனாவுக்கு அன்றைய கப்பல்களின் வழி மலாக்கா நீரிணை.

"அப்போ நம்ம கிள்ளானைத் தாண்டித்தான் போயிருக்கணும்!"

"ஆமா."

"யாராச்சும் பார்த்திருந்தா பேய்னு ஓடியிருப்பாங்க, சித்தப்பா."