பின்னால் இருப்பவர்

மோட்டார் சைக்கிள் வாங்குவோர் எவரும் முன்னிருக்கையில் அமர்ந்து பார்த்தே வாங்குகின்றனர். பின்னிருக்கையில் அமர்ந்து பார்த்து வாங்கிய ஒருவரையேனும் நாம் கண்டதில்லை. ஆயினும் எமது யாழ்ப்பாணத்துக் குடும்பங்களிலே அவ்வாகனம் ஒருவருக்கு மாத்திரம் உரியதன்று. மனைவி, மகள், சில வேளைகளில் முதிய தாய், அவர் மடியிலே ஒரு பலாப்பழம் என்றவாறே அது தன் வாழ்நாளைக் கழிக்கின்றது.

எம் இல்லாளுக்கு முதுகுவலி கண்டு ஓராண்டாகின்றது. முள்ளந்தண்டின் வட்டுக்களில் ஒன்று சற்றே பிதுங்கியுள்ளதெனக் கூறிய வைத்தியர், பாரந் தூக்குவதையும் குலுங்கும் பிரயாணங்களையும் தவிர்க்குமாறு பணித்தார். பாரந் தூக்கும் வேலையை நாமும் பிள்ளைகளும் ஏற்றுக்கொண்டோம். பிரயாணமோ எளிதில் விடத்தக்கதன்று. அவருடைய தாயார் நெல்லியடிக்கு அப்பால் படுக்கையோடு கிடக்கின்றார். ஞாயிறுதோறும் நல்லூரிலிருந்து கோப்பாய், நீர்வேலி, வல்லைவெளி கடந்து, ஏறக்குறைய 25 கிலோமீற்றர் சென்று, தாயைக் குளிப்பாட்டித் தலைவாரிவிட்டு வருவது அவர் தவறவிடாத கடமை. பஸ்ஸிற் சென்றால் இறங்கியபின் ஒழுங்கைகளால் நெடுந்தூரம் நடத்தல் வேண்டும்; முச்சக்கர வண்டியின் கூலி வாரந்தோறும் ஓர் ஆசிரியனாற் கொடுக்கத்தக்கதன்று. “இஞ்சாருங்கோ, நான் இனி மாதத்திலை ஒருக்காப் போறன். அம்மா விளங்கிக்கொள்ளுவா” என்று அவர் ஒருநாட் சொன்னார். அன்று மாலையே அடிமட்டமும் பென்சிலுமாக நாம் வாகனத்தின் பின்சில்லருகே குந்தினோம்.

ஒரே பள்ளத்தில் விழும் இருவருள் ஒருவருக்கு மாத்திரம் நோவது ஏன்? ஓட்டுபவர் இரு சில்லுகளுக்கும் நடுவிலே இருக்கின்றார். பின்சில்லோடு வாகனத்தின் பின்புறம் 4 சதமமீற்றர் உயர்ந்தால், நடுவிலிருப்பவர் ஏறக்குறைய 2 சதமமீற்றரே உயர்வார். பின்னிருப்பவரின் இடமோ பின்னச்சுக்கு நேர் மேலே. அவருக்கு அந்த 4 சதமமீற்றரும் குறையாமற் கிடைக்கும். அன்றியும், ஓட்டுபவர் பள்ளத்தைக் காண்கின்றார். கண்டவுடன் பாதங்களை ஊன்றி உடலைச் சற்றே உயர்த்துகின்றார். பின்னிருப்பவர் காண்பது ஓட்டுபவரின் முதுகை மாத்திரமே.

பின்னிருப்பவரை மறப்பது புதுவழக்கமன்று. ஆதிகால மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலானவற்றில் பின்சில்லுக்கு வில்லே இல்லை. ஓட்டுபவரின் ஆசனத்துக்குக் கீழே இரு சுருள்கள் இருந்தன; மற்றவருக்குச் சேற்றுக்காப்பின்மேல் ஒரு சிறு திண்டு. றோயல் என்பீல்ட் புல்லட் 1949 இல், மேலுங்கீழும் அசையும் கவையிற் பின்சில்லைப் பொருத்தி வெளிவந்தது. 1950 இல் நோட்டன் நிறுவனத்தார், பெல்பாஸ்ற் நகர மக்கன்டிலஸ் சகோதரர் அமைத்த புதிய சட்டகத்தைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தனர். அதில் ஓடிப்பார்த்த வீரர் ஹரல்ட் டானியெல், இறகு மெத்தையில் இருப்பது போன்றிருந்தது என்றார். அதுவே அச்சட்டகத்துக்குப் பெயராயிற்று. ஆனாற் பந்தய வண்டியாகையால் அம்மெத்தையிலும் ஒருவருக்கே இடம்!

எமது அடிமட்டத்துக்கு வருவோம். பின்னச்சிலிருந்து இருக்கைச் சட்டகத்தின் ஒரு புள்ளிவரை உள்ள உயரத்தை, பின்சில்லு நிலத்தைத் தொடாத நிலையில் முதலில் அளந்தோம். பின்னர் நாம் மாத்திரம் அமர, மகன் அளந்தான்: 22 மில்லிமீற்றர் இறங்கியிருந்தது. இல்லாளும் ஏறியபின் அளந்தான்: 50. அச்சில்லின் முழு அசைவே 80 மில்லிமீற்றர்தான். ஆகவே அவர் ஏறி அமரும்போதே பெரும்பகுதி செலவாகிவிட, பள்ளங்களுக்கென எஞ்சியது 30. அதுவும் முடிந்தால் உள்ளிருக்கும் இறப்பர்க் கட்டையில் மோதும். அம்மோதல் நேரே முள்ளந்தண்டுக்குப் போகும். பாரத்தோடு இருக்கையில் மொத்த அசைவின் காற்பங்கிற்கும் மூன்றிலொரு பங்கிற்கும் இடையில் இறங்கியிருத்தலே நன்று.

இதற்குப் பலருஞ் சொல்லும் பரிகாரம், வில்லின் அடியிலுள்ள படிவளையத்தைத் திருகி இறுக்குவது. நாம் கல்லூரியிற் கற்பிக்கும் பௌதிகம் இங்கே குறுக்கிடுகின்றது. வில்லின் நீட்சி விசைக்கு விகிதசமம் என்னும் தம் விதியை றொபேட் ஊக் 1676 இல், பிறர் கவர்ந்துவிடாதவாறு எழுத்துக்களைக் கலைத்து ஒரு புதிராக வெளியிட்டு, 1678 இலேயே அதனை அவிழ்த்தார். (இக்காலத்து மாணவர் விடைத்தாள்களிலும் அப்புதிர்முறை நிலவுகின்றது.) அவ்விதிப்படி, இறுக்குவதனால் வில் வன்மை பெறுவதில்லை, ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் அது கேட்கும் விசை முன்போன்றதே. இருக்கையின் உயரமே கூடும். ஒருவருக்கென அமைந்த வில்லை இருவருக்கு உரியதாக்க வளையத்தால் இயலாது.

கராஜ் வைத்திருக்கும் தம்பி ஒருவர், எமது பழைய மாணவர், வேறொன்றைக் காட்டினார். இருக்கையின் பின்புறத்தைக் கையால் அமுக்கிச் சட்டென விட்டார். அது எழுந்து, தாழ்ந்து, மீண்டும் எழுந்தது. “சேர், ஒருக்கா எழும்பி நிக்கவேணும். இது ஊஞ்சல் ஆடுது. உள்ளுக்கை எண்ணெய் போட்டுது” என்றார். வில் தான் வாங்கிய சக்தியைத் திருப்பிக் கொடுத்தே தீரும். அதனைத் தணிப்பது ‘ஷொக் அப்சோபர்’ என வழங்கும் அதிர்வுதாங்கியினுள் இருக்கும் எண்ணெய். சிறு துவாரங்களினூடே நெருக்குண்டு ஓடுகையில் அது அச்சக்தியை வெப்பமாக்கிவிடுகின்றது. எண்ணெய் ஒழுகிப்போன தாங்கி ஒரு பள்ளத்தை மூன்று பள்ளமாக்கும்.

இருவரது நிறையையும் எழுதிக் கொடுத்து, பழையதிலும் ஏறக்குறைய காற்பங்கு வன்மை கூடிய வில்லுடன், நைதரசன் வாயு அடைத்த தாங்கிகள் இரண்டைத் தருவித்தோம். வாயு அழுத்திக்கொண்டிருப்பதால் நெடுந்தூர ஓட்டத்தில் எண்ணெய் நுரைப்பதில்லை. விலை சுலபமன்று, எமது புதிய மூக்குக்கண்ணாடி அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்பட்டது. பூட்டியபின் இருவரும் அமர்ந்து அளக்க, இறக்கம் 28 ஆயிற்று. வில் கடினமானபின் பயணம் மென்மையாதல் கேட்போருக்கு விந்தையாகத் தோன்றும். அசைவதற்கு இடமுள்ள வில்லே மெத்தெனச் செயற்படும் என்பதே இதன் மர்மம்.

எதிர்பாராத ஒரு நன்மையும் உண்டு. முன்னர் பின்புறம் தாழ்ந்தமையால் இரவிலே முன்விளக்கு எதிரே வருவோரின் கண்ணில் அடித்தது. இப்போது வீதியில் விழுகின்றது. வல்லைவெளிக் காற்றிலும் முன்சில்லு இலேசாகி அலைவதில்லை. ரயரின் காற்றையும் கவனித்தோம். கையேட்டிலே பின்சில்லுக்கு ஒருவராயின் 28 இறாத்தல், இருவராயின் 36 என்றிருந்தது; ஞாயிறு காலையில் அதனை நிரப்பிக்கொள்கின்றோம். இல்லாளும் சேலையுடன் ஒருபக்கமாக அமர்வதை விட்டு, பஞ்சாபி அணிந்து இருபுறமும் பாதம் ஊன்றி அமர்கின்றார். இடுப்பை முறுக்கிக்கொண்டு 25 கிலோமீற்றர் செல்வது நலமுள்ள முதுகுக்கே ஆகாது.

வலி மாறிவிட்டதென எழுதினால் அது பொய். குனிந்து எழும்போது இன்னும் சுவரைப் பிடிக்கின்றார். ஆயினும் சென்ற நான்கு ஞாயிறும் நெல்லியடிக்குத் தவறாது சென்றோம். முன்னெல்லாம் வீடு திரும்பியதும் பேசாது பாயில் சரிபவர், போன வாரம் நேரே அடுக்களைக்குப் போய்த் தேநீர் வைத்தார். “இருக்கையின்ரை பஞ்சுதான் இன்னும் கல்லுப்போலை கிடக்குது” என்று அங்கிருந்தே அறிவித்தார். வருகிற சனிக்கிழமை அதனையும் கழற்றித் தையற்காரரிடம் கொடுப்பதாக இருக்கின்றோம்.