தலையில்லாத ஆட்டம்

ஷங்கரின் ‘காதலன்’ 1994இல் வெளிவந்தது. புத்தளம் அகதி முகாமில், வாடகைக்கு எடுத்த டெக்கில்தான் அதைப் பார்த்தேன். அப்போது பத்து வயது. 1990 ஒக்டோபரில் இரண்டு மணி நேர அவகாசத்தில் புலிகள் எங்களை யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றியிருந்தார்கள்.

கதை வெறும் காதில் பூச்சுற்றல்தான். ஆனால் ‘முக்காலா’ பாட்டின் முடிவில் பிரபுதேவாவின் தலையும் கைகளும் மறைந்து, உடுப்பு மட்டும் ஆடியபோது கிடுகுக் கொட்டிலே அதிர்ந்தது. மறுநாள் நானாவின் சப்பாத்தை மாட்டிக்கொண்டு நானும் ஆடினேன். “வெக்கமில்லையாடா?” என்று ஏச வந்த வாப்பா, வாசலிலேயே நின்று சிரித்துவிட்டார். ஊரை விட்டு வந்தபின் அவர் சிரித்து நான் கண்டது அன்றுதான்.

வாப்பா மௌத்தாகி வருடங்களாகிவிட்டன. இன்றும் அந்தப் படத்தை யாராவது குறைசொன்னால் எனக்குப் பொறுக்காது.