சேற்று மலையில் ஓர் இரவு

திறந்த வெளியில் படுத்து உறங்குவது பொழுதுபோக்கு ஆகுமா, ஆகாதா? வேடிக்கையான கேள்வி என்று வாசகர்கள் நகைக்கலாம். ஆனால் இங்கிலாந்து தேசத்தில் இந்தக் கேள்வி மூன்று நியாயஸ்தலங்களின் படியேறி, 2025-ம் வருஷம் மே மாதம் 21-ந் தேதிதான் தீர்ந்தது. கோடை விடுமுறையில் அங்கே போயிருந்த நமக்கு, தீர்ப்பு வந்த பத்து நாளைக்குள் அதன் பலனை நேரிலே அநுபவித்துப் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. அநுபவித்தோம், தொடை வரையில் நனைந்து அநுபவித்தோம்.

டார்ட்மூர் என்பது அந்நாட்டின் தென்மேற்கிலே, டெவன் ஜில்லாவில், 954 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் கருங்கல் மேட்டுப் பிரதேசம். அதன் மிக உயர்ந்த சிகரமே 621 மீட்டர்தான். நமது நீலகிரிக்காரர்கள் இதை மலை என்று ஒப்பமாட்டார்கள். இதில் கணிசமான பாகம் மேய்ச்சல் வெளி. நிலம் தனியாருடையது. ஆடு மாடு மேய்க்கும் பாத்தியதை சுற்றுப்புறத்துக் குடியானவர்களுடையது. நடந்தோ, குதிரை ஏறியோ சென்று வெட்டவெளியில் பொழுதுபோக்கும் உரிமை, 1985-ம் வருஷத்துச் சட்டப்படி, பொது ஜனங்களுடையது.

கூடாரம் அடித்து உறங்குவது இந்த உரிமையில் சேராது என்று ஒரு நிலச்சுவான்தார் தம்பதி வழக்குத் தொடுத்தார்கள். 2023 ஜனவரியில் ஹைகோர்ட் அவர்கள் பக்கம் தீர்த்தது. ஜூலையில் அப்பீல் கோர்ட் அதை மாற்றியது. கடைசியில் சுப்ரீம் கோர்ட், ‘நடந்தோ, குதிரை ஏறியோ’ என்பது உள்ளே வரும் விதத்தைக் குறிப்பதே ஒழிய, வந்தபின் செய்யும் பொழுதுபோக்கைக் கட்டுப்படுத்துவது அல்ல என்று ஒருமனதாகச் சொல்லிற்று. இருபது வருஷமாக வகுப்பில் வினையெச்சம் போதித்து வருகிறோம். இரண்டு வினையெச்சங்களுக்கு இத்தனை மதிப்பு உண்டென்பது அன்றுதான் தெரிந்தது!

எக்ஸிட்டர் நகரில் உத்தியோகம் பார்க்கும் நம் தமக்கையின் புதல்வன்தான் துணை. முதுகிலே ஆளுக்கொரு மூட்டை: கூடாரம், உறக்கப் பை, கட்டுச் சோறாகப் புளியோதரை. நெருப்பு மூட்டக் கூடாது என்பது அங்கே விதி. ஆகவே காப்பிக்கு ஒரு சிறு எரிவாயு அடுப்பு. வடபுறத்துப் பகுதியில் ராணுவம் துப்பாக்கிப் பயிற்சி செய்வது வழக்கம். அன்று பயிற்சி இல்லை என்று விசாரித்துக்கொண்டு, குன்றுகளின் மேல் சிவப்புக் கொடி பறக்கிறதா என்று கண்ணாலும் பார்த்துக்கொண்டு, பெல்ஸ்டோன் கிராமத்திலிருந்து டா என்னும் ஆற்றை ஒட்டித் தெற்கே நடந்தோம். வெயில் காய்ந்தது. வானம்பாடி எங்கோ உயரத்தில் பாடிற்று.

மேலே போகப் போகத் தரையின் தன்மை மாறிற்று. அடியிலே தண்ணீர் இறங்காத கருங்கல். மேலே ஓயாத மழை. குளிரிலும் புளித்த நீரிலும் மடிந்த செடிகள் மட்குவதில்லை. ஆயிரக் கணக்கான ஆண்டுகளாக ஒன்றின்மேல் ஒன்றாக அமுங்கிக் கறுத்த கரிச்சேறாகின்றன. மேலே படரும் ஒருவகைப் பாசி, தன் எடையைப்போல் இருபது மடங்கு நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளுமாம். முற்காலத்தில் இந்தச் சேற்றை வெட்டியும் வாய்க்கால் தோண்டியும் பல இடங்களில் உலர்த்திவிட்டார்கள். இப்போது அதே வாய்க்கால்களை அடைத்து மீண்டும் ஈரமாக்குகிறார்கள். உலர்ந்தால் அத்தனை காலம் அடக்கி வைத்த கரி காற்றில் கலந்துவிடும் என்று கண்டுகொண்டதனால்.

பாசி மூடி அதிரும் சேற்றுப் பள்ளங்களுக்கு அந்த ஊர்க்காரர்கள் ‘இறகு மெத்தை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பளிச்சென்று பச்சையாக இருக்கும் இடத்தில் காலை வைக்கக் கூடாது. புல் திட்டுக்களின்மேல் மட்டும் வைக்கவேண்டும். இதை மருமகனுக்கு விஸ்தாரமாக உபதேசித்துக்கொண்டிருக்கும்போதே நமது வலது கால் தொடை வரையில் உள்ளே போய்விட்டது.

“மாமா, அசையாதீங்க!” என்று அவன் கைத்தடியை நீட்டினான். கால் வந்தது, அதை விடாமல் பிடித்திருந்த சேறு பெரிய சத்தத்துடன் பூட்ஸையும் திருப்பித் தந்தது.

கிரான்மியர் குளத்தை அடைவதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. திசைகாட்டியை நம்பி நடந்தோம். நம் கண்ணோ, அது பொய் சொல்கிறது என்று நிமிஷத்துக்கு ஒரு முறை சாதித்தது. குளம் என்று பெயரே தவிர, அது தண்ணீரற்ற வெறும் பள்ளம். 1854-ம் வருஷம் ஜேம்ஸ் பெரட் என்னும் வழிகாட்டி, வந்துபோவோர் தங்கள் பெயர்ச் சீட்டைப் போட்டு வைக்க இங்கே ஒரு புட்டி வைத்தாராம். இப்போது கல்லால் அமைத்த பெட்டி இருக்கிறது. அதிலிருந்த நோட்டுப் புத்தகத்தில் தமிழிலேயே கையெழுத்திட்டோம். டா ஆறு இதன் அருகே பிறந்து வடக்கே ஓடுகிறது. சற்றுத் தள்ளிப் பிறக்கும் டார்ட் தெற்குக் கடலுக்குப் போகிறது. அண்டை அண்டையாக விழும் இரண்டு மழைத் துளிகள் இங்கே ஜன்மப் பகையாளிகளைப்போல் பிரிகின்றன.

அன்றிரவு, வந்த வழியே சற்றுத் திரும்பி, ஓர் ஓடையைக் கணுக்கால் நீரில் தாண்டாமல் இக்கரை மேட்டிலேயே கூடாரம் அடித்தோம். ஒன்பது மணிக்கு மேல்தான் அஸ்தமனம். பத்து மணிக்குக் காற்று எழும்பியது, பிறகு மழை. கூடாரத் துணி பாயைப்போல் படபடக்க, முளைகள் பிடுங்கிக்கொள்ளாதிருக்க இரு முறை வெளியே போய்க் கல் வைத்தோம். இந்த உறக்கம் பொழுதுபோக்குதான் என்று தீர்ப்பளித்தவர்களை ஓர் இரவு இங்கே படுக்க வைத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்ற எண்ணம் இடையிடையே வந்தது.

விடிந்ததும் மழை நின்றது. முந்தின நாள் கணுக்கால் நனைத்த ஓடை, தேயிலைக் கஷாயத்தின் நிறத்தில் இடுப்பளவு ஓடிற்று.

“நாலடிதானே மாமா, தாண்டிடலாம்” என்றான் மருமகன். அவனுக்கு மறுநாள் ஆபீஸ். நமக்கோ, அவன் தாயாருக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலை. சிறிது நேரம் பேச்சு வளர்ந்தது. முடிவில் அவன் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வர, நீர் குறுகும் இடம் தேடி மேல்நோக்கி நடந்தோம். இரண்டு மணி நேரம் வீண். மறுபடி சேறு. ஆயினும் முழங்காலுக்குக் கீழாக இருந்த ஓரிடத்தில் கைகோத்துக் கடந்து கரையேறினோம்.

பெல்ஸ்டோனை நெருங்கும்போது கும்பகோணத்திலிருந்து தமக்கை டெலிபோனில் கூப்பிட்டாள். ராத்திரி எங்கே தங்கினீர்கள், படுக்கை சௌகரியமாக இருந்ததா என்று விசாரித்தாள்.

“இறகு மெத்தை, அம்மா!” என்றான் பிள்ளை.