பின்மூடி

தமிழ் கற்பிப்போர் கையில் திருப்புளியும் கண்லென்சும் எதற்கு என்று ஆசிரியர் அறையில் நம்மைக் கேலி செய்வோர் உண்டு. பழைய கைக்கடிகாரங்களைத் திறந்து பார்ப்பது சில ஆண்டுகளாக நம்மைப் பற்றிக்கொண்ட பொழுதுபோக்கு. வீட்டு வரவுசெலவில் இதற்கென ஒதுக்கத்தக்க தொகை மிகச் சிறிது. அச்சிறு தொகைக்குள் பின்மூடி திறக்கும் கருவி ஒன்றைத் தேர்ந்தெடுக்க நாம் பட்ட பாட்டையே இங்கு எழுதுகிறோம். "ஐயா, இதற்கு பேட்டரி மாற்றித் தருவீர்களா?" என்று கடிகாரத்தோடு வந்து நிற்கும் மாணவர்க்கும் இது பயன்படலாம்.

எல்லாம் அத்தாவின் கடிகாரத்தில் தொடங்கியது. அது ஹெச்.எம்.டி. நிறுவனத்தின் சாவி கொடுக்கும் கடிகாரம். ஜப்பானிய சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 1961-இல் பெங்களூரில் கடிகாரத் தொழிற்சாலை அமைத்த அப்பொதுத்துறை நிறுவனம், ஒரு தலைமுறைக்கே நேரம் காட்டியது. அதன் கடிகாரப் பிரிவை மூட 2016-இல் நடுவண் அரசு முடிவெடுத்தது. அத்தா மறைந்தபின் அக்கடிகாரம் நம் கைக்கு வந்தபோது ஓட்டம் நின்றிருந்தது. பழுது பார்ப்பவரோ, "இதற்குச் செய்யும் செலவில் புதிதே வாங்கிவிடலாம்" என்றார். அச்சொல் நம்மைச் சுட்டது. நாமே திறப்போம் என்று வீட்டுத் திருப்புளியை மூடியின் பள்ளமொன்றில் வைத்துத் தட்டினோம். அது வழுக்கிப் பொறித்த எழுத்துகளின் குறுக்கே நீண்ட கோடிட்டது. "மாமா இத்தனை வருஷம் கட்டினார்களே, இப்படி ஒரு கீறல் விழுந்ததா?" என்று நம் துணைவியார் கேட்டதற்கு இன்றுவரை விடையில்லை.

பகுபதத்தைப் பிரிக்குமுன் அதன் பகுதி எதுவெனக் காணவேண்டும் என்று வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லும் நாம், கடிகாரத்தைப் பிரிக்குமுன் அதன் மூடி எவ்வகையெனக் காணவில்லை. அமுக்கி மூடுவது ஒருவகை. அதன் விளிம்பில் எங்கேனும் நகம் நுழையுமளவு சிறு இடைவெளி இருக்கும். அதைக் கண்லென்சால் தேடிக் கண்டபின் தட்டைக் கத்தியை நுழைத்து மெல்லத் திருப்பினால் மூடி விட்டுக்கொடுக்கும். நெம்பினால் கத்தி வழுக்கிக் கட்டைவிரலில் இறங்கும். மாணவர் கொணரும் பேட்டரிக் கடிகாரங்களில் பல இவ்வகையே. திறப்பது எளிது, மீண்டும் அமுக்குகையில் முன்கண்ணாடி உடைவதுண்டு என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சிலவற்றின் மூடியை நான்கு சிறு திருகாணிகள் பிடித்திருக்கும். அவற்றிற்கு நுண்ணிய திருப்புளி போதும். பின்மூடியே இல்லாமல், கண்ணாடியை எடுத்து முன்பக்கமாகத் திறக்கவேண்டியனவும் உள. அவற்றில் நாம் கை வைப்பதில்லை.

அத்தாவினுடையது திருகுமூடி. விளிம்பைச் சுற்றி ஆறு பள்ளங்கள். இதற்குச் சுவிட்சர்லாந்தின் லெ லோக்ல் நகரில் 1791-இல் தோன்றிய பெர்ஜோன் போன்ற நிறுவனங்களின் கருவிகள் பெயர்பெற்றவை. விலையோ நம் எல்லைக்கு அப்பாற்பட்டது. எனவே நூற்றெண்பது ரூபாய்க்கு இரண்டு கால் உடைய திருகியை வாங்கினோம். எதிரெதிர்ப் பள்ளங்களில் இரு கால்களைப் பொருத்தித் திருப்பவேண்டும். இரண்டு முனைகளில் மட்டும் நிற்பதால் கை சிறிது சாய்ந்தாலும் ஒரு கால் எழும்பிவிடும். மேலும் மலிவான இரும்பு. மூன்றாம் முயற்சியில் கால் வளைந்தது. மூடி அசையவில்லை, முதற்கீறலுக்கு ஒரு துணை சேர்ந்தது.

அடுத்து வாங்கியது ஒட்டும் தன்மையுள்ள ரப்பர்ப் பந்து. விலை நூற்றைம்பது. மூடியையும் பந்தையும் துடைத்து ஈரமும் எண்ணெயும் போக்கி, அழுத்தியவாறே இடஞ்சுழியாகத் திருப்பவேண்டும். உலோகம் படாததால் கீறலுக்கு இடமில்லை. நண்பர்களின் கடிகாரங்கள் சிலவற்றை இதனாலேயே திறந்திருக்கிறோம். எவரேனும் நம்மைக் கேட்டால் முதலில் இதை வாங்குக என்போம். ஆயின் ஆண்டுக்கணக்கில் வியர்வையும் அழுக்கும் இறுகிய அத்தாவின் கடிகாரத்திடம் பந்து தோற்றது.

இறுதியில் அறுநூற்றைம்பது ரூபாய்க்கு மூன்று கால் திருகி. இதை முதலிலேயே வாங்கியிருந்தால் முந்நூற்று முப்பது ரூபாய் மிஞ்சியிருக்கும் என்று கணக்கிடத் தோன்றினாலும், பந்து இன்றும் உழைப்பதால் அதனை நட்டத்தில் சேர்க்கவில்லை. ஆறு பள்ளங்களில் ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்றை இக்கருவி பற்றிக்கொள்வதால் சாய்வதற்கு இடமில்லை. பள்ளத்தின் வடிவுக்கேற்ப மாற்றத்தக்க முனைகள் உண்டா, கால்கள் மையத்திலிருந்து சமதொலைவில் விரிகின்றனவா என்னும் இரண்டையும் பார்த்தே வாங்கினோம். கடிகாரத்தை இறுக்கிப் பிடிக்க ஒரு நெகிழித் தாங்கியும் வேண்டும். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு திருகுவது முதற்கீறலுக்கே திரும்பும் வழி. ஒரு ஞாயிறு காலை, சிறு ஓசையோடு மூடி நகர்ந்தது.

உள்ளே, மூடியின் உட்புறத்தில், ஊசியால் கீறிய நுண்ணெழுத்துகள் இருந்தன. பழுது பார்ப்போர் தம் குறியையும் நாளையும் அங்கே கீறிவைப்பது பழைய வழக்கம். கண்லென்சில் 1986, 1994, 1999 என்னும் மூன்று ஆண்டுகள் தெளிவாகத் தெரிந்தன. 2003-ஐத் தேடினோம்.

அவ்வாண்டில்தான் ஆய்வியல் நிறைஞர் வகுப்பில் சேர நமக்குப் பணம் கட்டவேண்டியிருந்தது. நான்கு மாதங்கள் அத்தாவின் கை வெறுமையாக இருந்தது. கேட்டபோது, "ரிப்பேருக்குக் கொடுத்திருக்கேன்" என்றார். நாமும் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்காமலிருப்பது அன்று நமக்கு வசதியாகவும் இருந்தது. கடிகாரத்தை யாரிடமேனும் ஈடாக வைத்துக் கைமாற்று வாங்கினாரோ? குறி இடாத பழுதுபார்ப்போரும் இருக்கக்கூடும். ஆகவே குறியின்மையை மட்டும் வைத்து முடிவு கட்ட இயலாது. அம்மாவிடம் கேட்டோம். "அதெல்லாம் இப்போ எதுக்குப்பா?" என்று சொல்லிவிட்டுச் சமையற்கட்டுக்குள் போய்விட்டார்.

கடிகாரத்தின் உறுப்புகளைக் கழுவி எண்ணெயிட நமக்குத் தெரியாது. அதற்கு வேறொரு முதியவரிடம் கொடுத்தோம், இப்போது ஓடுகிறது. அவர் மூடாமல் தந்த மூடியை நாமே திருகினோம். திருகுமுன் நம் பங்குக்கு ஓர் ஆண்டைக் கீறலாம் என்று ஊசியை எடுத்தோம். வெளிப்புறத்தில் ஏற்கெனவே இரண்டு கீறியிருப்பது நினைவுக்கு வர, ஊசியை வைத்துவிட்டோம்.