பாவா ஆதம் மலையில் ஓர் இரவு

இலங்கையின் நடு மலைநாட்டில் 2,243 மீட்டர் உயர்ந்து நிற்கும் சிகரமொன்றை நம் முன்னோர் பாவா ஆதம் மலை என்று அழைத்தனர். சிங்களவருக்கு அது ஸ்ரீபாத; இந்துக்களுக்குச் சிவனொளிபாத மலை. உச்சிப் பாறையிலுள்ள பாதச் சுவட்டைப் பௌத்தர் புத்தருடையதென்றும், இந்துக்கள் சிவபெருமானுடையதென்றும், முஸ்லிம்களில் பலர் ஆதிபிதா ஆதம் (அலை) அவர்களுடையதென்றும் கூறி வந்துள்ளனர்.

மதரஸாவில் நானும் பல்லாண்டுகள் அவ்வாறே கூறி வந்தேன். ஒருநாள் பின்வரிசை மாணவனொருவன் எழுந்து, "ஹழ்ரத், இது குர்ஆனில் எங்கே வருகிறது?" என்று வினவினான். நியாயமான கேள்வி. ஆயினும் அவனை அதட்டி உட்கார வைத்துவிட்டேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. திருமறை ஆதம் (அலை) அவர்கள் பூமிக்கு இறக்கப்பட்டதைக் கூறுகிறதே தவிர (2:36), இறங்கிய இடத்தைக் கூறவில்லை. 923இல் மறைந்த இமாம் தபரீ போன்றோர் அவர்கள் ஹிந்து தேசத்தில் இறங்கியதாக வரும் அறிவிப்புகளைத் தொகுத்துள்ளனர். அறிவிப்பு வேறு, திருமறையின் கூற்று வேறு என்பதை மாணவர்க்குக் கற்பிக்க வேண்டிய நானே அவ்விரண்டையும் கலந்து ஊட்டியிருந்தேன். அம்மலையை ஒருமுறையேனும் காண வேண்டும் என்ற ஆவல் அன்றே பிறந்தது.

2023 பிப்ரவரியில் இறையருளால் அது நிறைவேறியது. கொழும்பில் வாழும் என் மச்சானின் மகன் துணைக்கு வந்தான். மக்கள் பெரும்பாலும் அட்டன் நகர் வழியாக நல்லதண்ணிக்குப் போய், சற்றேறக்குறைய 5,500 படிகள் ஏறுகின்றனர். அது தேயிலை மேட்டு நிலத்தில் தொடங்கும் குறுகிய வழி. இரத்தினபுரியிலிருந்து பலாபத்தல ஊர் வழியாகச் செல்லும் பாதையோ தாழ்நிலத்தில் தொடங்கிக் காட்டுக்குள் நீண்டு ஏறுவது. அதையே தேர்ந்தேன். "மாமா, உங்கள் முழங்கால் தாங்குமா?" என்றான் மருமகன். தாங்கும் என்றேன். பொய்யென்பது நள்ளிரவில் தெரிந்தது.

நீண்ட வழியை நான் நாடியதற்கு இப்னு பதூதாவே காரணம். 1344இல் மாலத்தீவிலிருந்து மஃபர் எனப்பட்ட நம் தமிழகக் கரைக்குப் புறப்பட்ட அவரது கப்பலைக் காற்று இலங்கையில் ஒதுக்கியது. அப்போது அங்கிருந்த யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி அவரை உபசரித்து, வேண்டியதைக் கேட்கச் சொன்னார். ஆதமின் பாதத்தைக் காண்பதன்றி வேறு விருப்பமில்லை என்றார் அவர். தமிழரசர் பல்லக்கொன்றும், துணைக்கு 4 யோகிகளையும் 3 பிராமணர்களையும் தம்மவர் பதின்மரையும், உணவு சுமக்கப் 15 பேரையும் கொடுத்தனுப்பினார். எண்ணிப் பாருங்கள், வாசகர்களே! மொராக்கோ நாட்டு முஸ்லிம் அறிஞர் ஒருவர், யோகிகளும் பிராமணர்களும் வழிகாட்ட, ஆதிபிதாவின் சுவட்டைத் தேடி மலையேறியிருக்கிறார்!

மலைக்கு பாபா வழி, மாமா வழி என இரண்டு உண்டென்றும், அவை ஆதம், ஹவ்வா இருவரைக் குறிப்பன என்றும் அவர் எழுதியுள்ளார். மாமா வழி எளிது. ஆனால் அதன் வழியே ஏறியவரை ஜியாரத் செய்தவராகவே கருதுவதில்லையாம். ஏறும் வழியில் பத்துச் சங்கிலிகள் இருந்தன. கடைசிச் சங்கிலிக்குப் பெயர் கலிமாச் சங்கிலி; அங்கிருந்து கீழே நோக்குபவர் அச்சத்தால் கலிமா மொழிவாராம்.

காட்டு அட்டைகளையும் அவர் மறக்கவில்லை. மனிதர் நெருங்கியதும் அவை பாய்ந்து ஒட்டும் என்றும், எலுமிச்சையைப் பிழிந்தால் விழும் என்றும் குறித்துள்ளார். நாங்களும் எலுமிச்சம்பழங்கள் கொண்டு சென்றோம். ஏறத்தாழ 680 ஆண்டுகள் கழிந்தும் மருந்து மாறவில்லை, அட்டையும் மாறவில்லை!

அஸர் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். 1940இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு இது. 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. களனி, களு, வளவை ஆறுகள் இந்த மலைத்தொகுதியில்தான் பிறக்கின்றன. இருட்டியபின் கண்ணுக்குத் தெரிந்தவை அடுத்த கல்லும் அதற்கடுத்த கல்லுமே. எங்கோ நீரோசை இடைவிடாமல் கேட்டது. ஓடையில் ஒளூச் செய்கையில் கை விறைத்தது.

நள்ளிரவில் முழங்கால் மடங்க மறுத்தது. ஒரு பாறையில் அமர்ந்து, "நீ போ" என்று மருமகனிடம் சொன்னேன். அவ்வழியே வந்த சிங்கள முதியவரொருவர் என் தொப்பியையும் தாடியையும் பார்த்தார். ஒன்றும் கேளாமல் குடுவையிலிருந்து சாயத்தேநீரை ஊற்றி, ஒரு துண்டு கருப்பட்டியுடன் நீட்டினார். பின் தமது ஊன்றுகோலை என் கையில் திணித்துவிட்டுப் பேரனின் தோளைப் பற்றி நடந்தார். அவர் பாஷை எனக்கும் என் பாஷை அவருக்கும் தெரியாது. அக்கோலில்தான் உச்சியை அடைந்தேன்.

மேலே பெருங்காற்று. ஓரமாக ஒதுங்கிப் பஜ்ருத் தொழுதோம். பாதச் சுவட்டை இப்னு பதூதா பதினொரு சாண் என்கிறார். மூலச் சுவடு பாறைக்குள் மூடப்பட்டிருப்பதாக அங்கே சொல்கின்றனர். நான் கண்டது ஒரு பெரிய பள்ளத்தைத்தான். அது யாருடையது என்று என் கண் சொல்லவில்லை. சொல்லுமென்று இப்போது நான் எதிர்பார்க்கவுமில்லை. பின்னர் சூரியன் எழுந்தது. மறுபுறம் மலையின் நிழல் முக்கோணமாக மேகத்தின்மேல் விழுந்தது. பிப்ரவரியில் அந்நிழலின் முனை மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்து, சற்றுமுன் நாங்கள் நின்று தொழுத கிப்லாத் திசையை ஒட்டியே நீள்கிறது. சில நிமிடங்களில் சுருங்கி மறைந்தது.

முதியவரைத் தேடிக் கோலைத் திருப்பிக் கொடுத்தேன். என் கையைத் தட்டிக்கொடுத்துச் சிரித்தார்.

ஊர் திரும்பி மதரஸா திறந்த முதல்நாள், அந்த மாணவனை எழுப்பினேன். "நீ கேட்டது குர்ஆனில் இல்லை. அன்று நான் அதட்டியது தவறு" என்றேன். வகுப்பே திகைத்து நின்றது. அவன் சிறிது யோசித்துவிட்டு, "அட்டை கடித்ததா, ஹழ்ரத்?" என்றான். கரண்டைக்கு மேலே ஆறாதிருந்த இரண்டு தழும்புகளைக் காட்டினேன்.