ஆம்பூர் மாடியில் பெயர் அறியா மரம்

வேலூரிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் ஆம்பூரைக் கடந்திருப்பீர்கள். தோல் வாடையும் பிரியாணி மணமும் ஒருங்கே வரவேற்கும் ஊர். அங்கு நண்பர் வீட்டு மொட்டை மாடியில், முழங்கை உயரமேயுள்ள போன்சாய் மரமொன்றைக் கண்டேன். அதன் பெயரை வீட்டார் எவரும் அறிந்திலர். புளி என்றனர் சிலர். வேலம் என்றார் ஒருவர்.

தொட்டியில் குறுக்கி வளர்த்த மரத்தை இலையின் அளவைக் கொண்டு அறிய முயலாதீர்கள். இலை சிறுத்துவிடும், ஆனால் அதன் அமைப்பும் பூவும் காயும் இனத்தைக் காட்டிக் கொடுக்கும். புளியிலே ஒரே காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் இருக்கும். இதிலோ காம்பு கிளைத்து, கிளைதோறும் சிற்றிலைகள். வேலத்துக்குரிய முள்ளும் இல்லை.

முன்னாளில் தோல் பதனிடும் குழிகளில் உழைத்த அண்டை வீட்டுப் பெரியவர் வந்தார். தொட்டியில் உதிர்ந்து கிடந்த, காதுமடல்போல் சுருண்ட காயை நாவில் வைத்துப் பார்த்தார்.

"துவர்க்கிறதே தம்பி! இது திவிதிவி" என்றார்.

அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் 19ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த மரம் இது. அரூபா தீவில் கடற்காற்றால் ஒருபுறமே சாய்ந்து வளரும். ஆவாரம்பட்டை, கடுக்காய் போல இதன் காயும் தோல் பதனிட உதவியது. குரோமிய உப்பு வந்தபின் இவற்றின் தேவை பெரிதும் குறைந்தது, பெயர்களும் மறக்கப்பட்டன. தோல் கழிவால் பாலாறு பட்ட பாட்டுக்கு 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைக்க நேர்ந்தது தனிக்கதை.

வீட்டுச் சிறுமி பெயரை அட்டையில் எழுதித் தொட்டியில் கட்டினாள். பெரியவரோ கொன்றைப் பட்டை, வேலம்பட்டை என்று தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். அவள் வேறோர் அட்டை தேடிப் போனாள்.